முதல் அடி காலி

படத்தின் பேர் எங்களுக்குத் தெரியாது.
டிஸ்க்கின் முதல் நிமிடத்தில் கீறல்.
எடுத்த எடுப்பிலேயே ஒருவன்
ஸ்பீக்கர் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி
மேட்டில் தள்ளிக்கொண்டிருப்பான்,
சடைமுடி முதுகில் ஆட.
அங்கிருந்துதான் எங்களுக்குக் கதை.

வியாசர்பாடி, எஃப் பிளாக், மொட்டைமாடி.
தண்ணீர்த் தொட்டிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததே
இதற்காகத்தான்.
இது ஆறாவது தடவை. ஏழு என்கிறான் கஜபதி.
சவுண்டு சர்வீஸ் என்னுடையது, வாடகை வாங்குவதில்லை.
கூட்ஸ் வண்டி போகையில் நிறுத்தி
போனதும் போடுவேன்.

கஜபதி சொல்வான்:
"இன்னா படம்பா இது, ஒரு சண்ட இல்ல.
அந்த ரிக்கார்டு கம்பெனிக்காரன
ஒரு அடி, ஒரே அடி வுட்டிருந்தா
நிம்மதியா தூங்கியிருப்பேன்."
ஒவ்வொரு தடவையும் முதல் ஆளாக வந்து
பாய் விரிப்பவன் அவன்தான்.

அர்த்தம் சொல்வதற்கென்று
பெரம்பூரிலிருந்து டெரிக்கைக் கூட்டிவந்தோம்.
முப்பது வருஷம் லோகோ ஷெட்டில்
இங்கிலீஷிலேயே திட்டு வாங்கியவர்.
அரைமணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்துவிட்டு
"இங்கிலீஷ்தான். ஆனா எனக்கே புடிபடல" என்றார்,
சொந்த வீட்டுக்குச் சாவி சேராதவர் போல.
"நம்ம பேச்ச நியூஸ் வாசிக்கிறவன் கேட்டா
அவனுக்கும் இப்டிதான் கீய்யும்"
என்றாள் ஜெயசீலி,
காசிமேட்டு வாடை போகாத விரல்களால்
முறுக்கை ஒடித்துக்கொண்டே.

அவள் கட்சியே வேறு.
"ஆறு ஆம்பளைங்க. பாட்டு கட்றானுங்க,
ஆத்துல குளிக்கிறானுங்க, பொக வுட்றானுங்க.
சோறு மட்டும் எங்கருந்து வருது?"
ஒரே ஒரு சீனில் ஒருத்தி
வாசலில் நின்று ஈரத்துணி உதறுகிறாள். பேர்கூட இல்லை.
"பாட்டுக்குத் தாளமே அவ ஒதர்றதுதான்.
வாசிக்கிறவனுக்குத் தெரியல.
கேமரா புடிச்சவனுக்குத் தெரிஞ்சிருக்கு."
அன்றிலிருந்து அந்தத் துணி வரும்போது
ஒருவரும் முறுக்கு கடிப்பதில்லை.

ஹார்பரில் பில் போடும் ரஹ்மத்துல்லா
பீடிக்கட்டுக் காகிதத்தில் கணக்கு எழுதினார்.
"நாலாயிரம் தட்டு வித்திருக்கான்.
பாடுனவனுக்கு ஒரு சட்ட. அதுவும் கைநீளம் பத்தல."
எல்லோரும் எபியைப் பார்த்தோம்.
எபிநேசர் காலி வாளியைக் கவிழ்த்துப்போட்டு
அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.
அவன் கட்டிய சாவுப்பாட்டு ஒன்று
வேறொருத்தன் குரலில்
கல்யாண மண்டபம் மண்டபமாய் ஓடிக்கொண்டிருக்கிறது.
ஐந்து தடவை பார்த்தும் வாயே திறக்காதவன்
வாளியிலிருந்து எழுந்து
அதையே மடியில் வைத்துக்கொண்டான்.

"மொத அடிய வுட்டுட்றான் பாத்தியா.
ஒண்ணு காலி. ரெண்டு, சும்மா ஒரசல்.
மூணுலதான் டொம்."
தட்டிக் காட்டினான்.
"நாம பாடை தூக்கசொல்ல
மொத அடியிலயே ஊர அழவெச்சிட்றோம்.
இவன் அந்த எடத்துல ஆளே வெக்கல.
வர்றவன் வரட்டும்னு வுட்டு வெச்சிகிறான்."
இன்னொரு தடவை தட்டினான்.
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் ஊதியது.
நான் நிறுத்த மறந்துவிட்டேன்.
பெட்டி பெட்டியாகப் போனது,
எபி விட்ட இடத்திலெல்லாம் தடக்கென்று விழுந்து.

"அதெல்லாம் சரி," என்றான் கஜபதி,
"இருந்தாலும் ஒரு அடி அடிச்சிருக்கலாம்."

கடைசியில் படகு சாய்கிறது.
ஸ்பீக்கர் பெட்டி கடலில் இறங்குகிறது,
மெதுவாக, மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்குபவன் மாதிரி.
கரையில் ஆறு பேரும் சிரிக்கிறார்கள்.
ஏன் என்பதில் இன்றுவரை தகராறு.
அழுகைதான் அது என்கிறார் டெரிக்.
இன்சூரன்ஸ் என்கிறார் ரஹ்மத்துல்லா.

பாயைச் சுருட்டும்போது
ஜெயசீலியின் சின்னவன் என்னிடம் வந்தான்.
"அண்ணே, எடுத்துக் காயவெச்சா பாடுமா?"
உப்புத்தண்ணி புகுந்தால் காயில் போச்சு.
இருபது வருஷ சோல்டரிங் அது,
எனக்குத் தெரியாதா.
"பாடும்," என்றேன்.
"கொஞ்சம் கரகரன்னு."