பல்லி விழும் பலன்

டர்பன் துறைமுகத்துக்குப் பின்னால்
முன்பு சர்க்கரை மூட்டை அடுக்கிய கிடங்கு.
இப்போது அதற்குள் சுவர்கள் நட்டு,
சுவரெங்கும் வண்ணவண்ணமாய்ப் பிடிகளைத் திருகி
எங்களை ஏறச் சொல்கிறார்கள்.
மாதம் அறுநூற்றைம்பது ரேண்ட்.
ஏணி கிடையாது. கயிறு கிடையாது.
மெத்தை உண்டு.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
இங்கே கூடம் கோணல்தான்.
நாற்பது பாகை முன்னால் சாய்ந்து
முகத்துக்கு மேல் குனிந்து விசாரிக்கிறது:
இன்றைக்குமா?

ஊதாப் பாதை. ஐந்தாவது பிடி.
மூன்று வாரமாய் அங்கிருந்துதான் விழுகிறேன்.
பல்லி விழுந்தால் பலன் உண்டு,
கோயில் நாட்காட்டியின் பின் அட்டையில்:
தலையில் என்றால் ஒன்று, தோளில் என்றால் ஒன்று.
சலோஷினி படையாச்சி, வயது நாற்பத்துமூன்று,
கப்பல் சரக்குக் கணக்கர்,
இடது பிட்டத்தில் விழுந்தால் என்ன பலன் என்று
எந்த வருடத்து அட்டையிலும் போடவில்லை.

பல்லைக் கடித்து முயன்று பார்த்தாயிற்று.
ஆகவே செவ்வாய்க்கிழமைகளில் விளையாடுகிறோம்.

முதலில் பூனை.
கால் வைக்கும் சத்தம் கேட்டால் இறங்கிவிட வேண்டும்.
மார்லீஸ் இரவு வார்டு செவிலி,
உறங்குகிறவர்கள் நடுவே நடந்து பழகிய பாதம்;
ஒரு 'தட்' கூட இல்லாமல் உச்சியில் நிற்கிறாள்.
நான் இரண்டாம் அடியிலேயே
குழம்புச் சட்டியை இறக்கி வைக்கிறேன்.

அப்புறம் துடைப்பக்கட்டை.
ஒருவர் ஏற, ஒருவர் கீழே நின்று
கட்டையால் அடுத்த பிடியைக் காட்டுவார்.
காட்டியதை மட்டுமே தொடலாம்.
சாண்டீலே கையில் அது கிடைத்துவிட்டால்
என் முழங்காலும் என் காதும்
வாழ்க்கையில் முதல்முறை சந்தித்துக்கொள்ளும்.
என் முறை வந்தபோது
அவனை ஒரு மூலையில் தொங்கவிட்டு,
கட்டையைத் தோளில் சாய்த்து,
வீட்டில் பாத்திரம் கழுவுவது யார் என்று கேட்டேன்.
"நான்தான், நான்தான், காட்டு!"

பிறகு இரண்டு கையிலும் டென்னிஸ் பந்து.
விரல் இல்லை என்று ஆனபிறகுதான்
இடுப்பு என்று ஒன்று இருப்பது தெரிகிறது.
இருபது வருடமாய் அலுவலக நாற்காலியில்
வைத்து மறந்த சாமான்.
அதைச் சுவரோடு ஒட்டித் திருப்பினால்
கை ஒரு சாண் நீள்கிறது.
இதை யாரும் சொல்லவில்லை. பந்து சொன்னது.

ஏழு மணிக்கு மின்வெட்டு.
அட்டவணையில் இல்லாத மின்வெட்டு.
நான் ஊதாவின் நான்காவது பிடியில்.

"குதிக்காதே," சாண்டீலேயின் குரல்,
"கீழே யார் இருக்கிறார்கள் தெரியவில்லை."
மெத்தையில் பிறந்தநாள் கொண்டாட வந்த பிள்ளைகள்,
கேக் வாசனை, ஒரு விசும்பல்.
விழுவது என் தொழில்; அதற்கும் தடை.

உடும்பு மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
உடும்புக்கு மாத முடிவில் தோள் வலிக்காது போல.
கால் தானாகப் பூனையாகித் துழாவியது.
ஏதோ ஒரு விளிம்பு.
இடுப்பு சுவரோடு திரும்பியது.
கை போனது,
இருட்டுக்குள், மேலே, மாவு படிந்த ஒரு குழிவுக்குள்
மடங்கி உட்கார்ந்தது.
அடுத்தது. அதற்கும் அடுத்தது.
என் மூச்சு மட்டும் கேட்டது,
துறைமுகத்தில் ஏதோ கப்பலின் ஊதல்,
பிறகு தலை கூரைத் தகரத்தில் இடித்தது.

ஜெனரேட்டர் இருமி எழுந்தது. வெளிச்சம்.

வலது கை மஞ்சள் பாதையில்.
இடது கை
பிள்ளைகள் சுவரின் பச்சைத் தவளைமேல்.
ஊதாவின் ஐந்தாவது பிடி
எனக்கு மிகக் கீழே, ஓர் ஓரமாய்,
யாரும் தொடாமல்.

"கணக்கில் வராது," என்றான் சாண்டீலே.
கணக்கரிடம்!
சிரிப்பு வந்தது. சிரித்தால் விரல் நிற்காது.
பிள்ளைகளை மார்லீஸ் ஓரம் கட்டியிருந்தாள், நல்லவேளை.

மெத்தையில் கிடந்தபடியே கேட்டேன்
அவள் சுண்ணக்கட்டி எடுத்து
கரும்பலகையின் மூலையில் எழுதும் கிறீச்சை:

செவ்வாய், இரவு, இடது பிட்டம் (மறுபடியும்).
பலன்: கேக் கிடைக்கும்.

கிடைத்தது.