காலிக் கட்டம்

கச்சாங்கின் தடுப்பூசி அட்டையில்
இரண்டாவது கட்டம் காலி.
சனிக்கிழமை, மாலை நான்கு.
அன்று எனக்கு ஓவர்டைம்.
அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.
அறுபத்தைந்து வெள்ளி இப்போதைக்கு மிச்சம் என்று
உள்ளுக்குள் ஒரு கணக்கு.

பன்னிரண்டு நாள் கழித்து
விடிகாலை இரண்டரைக்கு
யீஷூனிலிருந்து டாக்சி.
துண்டில் சுற்றிய சூடு
என் மடியை நனைத்துக்கொண்டே வந்தது.
ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை,
கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"பார்வோ" என்றார் டாக்டர் தியோ.
ஏதோ ஊர்ப்பெயர் மாதிரி இருந்தது.
முன்பணம் ஆயிரத்தைந்நூறு,
ட்ரிப் ஒரு நாளைக்கு இவ்வளவு,
தனி அறைக்கு இவ்வளவு.
பிழைப்பது பாதிக்குப் பாதி;
அந்த வரிக்கு மட்டும் விலை போடவில்லை.

தராசில் வைத்தார்கள்.
ஒரு கிலோ எண்ணூறு.
அரிசியாக இருந்தால்
எடை குறைகிறதென்று சண்டை போட்டிருப்பேன்.

ஏர்கான் மாற்ற வைத்திருந்த பணம்
நெட்ஸில் ஒரு 'பீப்'போடு போனது.
குழலி திட்டியிருக்கலாம்.
மின்விசிறியை மூன்றில் வைத்துவிட்டு
வேலைக்குக் கிளம்பினாள்.

எதிர்வீட்டு ரொஹானி மாக்சிக்
நாயைத் தொடமாட்டார்.
தன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடி
காலையும் மாலையும் கேட்கிறார்:
"சாப்பிட்டதா?"
இல்லை. இல்லை. கொஞ்சம் தண்ணீர். இல்லை.

ஐந்தாம் நாள் கிளினிக்கிலிருந்து
கைப்பேசிக்கு ஒரு படம்:
கச்சாங் ட்ரிப் குழாயைக்
கடித்துக்கொண்டிருக்கிறது.

அதற்குக் கீழே,
புதுக் குழாய்க்கான பில்.