நாற்பது டெசிபலுக்குக் கீழே

நகரியில் இறங்கினால்
நமக்கு முன்னால் காதுதான் ஊருக்குள் போகிறது.
ஏகாம்பரகுப்பத்தில் சந்துக்குச் சந்து தறி.
சுவருக்கு இந்தப் பக்கம் தூங்கும் குழந்தை,
அந்தப் பக்கம் எட்டு நாடா.

ஆறு மாதப் பயிற்சி.
கழுத்தில் நீலப் பட்டை, அதில்
என் பெயரைவிடப் பெரிதாக நிறுவனத்தின் பெயர்.
வேலை எளிது என்றார்கள்.
செல்போனில் ஒரு செயலி, ஒரு ஹெட்போன்,
மணி கேட்டால் விரல் உயர்த்த வேண்டும்.
காது டாக்டர் இல்லாத ஊருக்கான புதுமை.
ஜெனீவாவின் கண்ணாடி அறையில் பிழையே இல்லை.

கையேட்டின் நான்காம் பக்கத்தில் ஒரே ஒரு நிபந்தனை:
சுற்றுப்புற இரைச்சல் நாற்பது டெசிபலுக்குக் கீழே.

மீட்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.
தறிக்கூடம் தொண்ணூற்றேழு.
பள்ளிக்கூடம் எழுபத்து நான்கு, அதுவும் விடுமுறையில்.
தேசம்மன் கோயில், நடை சாத்திய பிறகு, அறுபத்தொன்று.
நூல்கட்டு அடுக்கிய கிடங்கில் ஐம்பத்திரண்டு.
அதற்குக் கீழே ஊர் இறங்கவில்லை.

"கரண்ட் போனா வாம்மா" என்றார் தேசப்பன்.
கத்தவில்லை. இங்கே யாரும் கத்துவதில்லை.
உதட்டை நிதானமாக விரித்துச் சொல்கிறார்கள்;
தமிழா தெலுங்கா என்று
கண்ணால்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.
பள்ளி தெலுங்கு, வீடு தமிழ்.
என் படிவத்திலோ மொழிக்கு ஒரே ஒரு கட்டம்.

செவ்வாய்க்கிழமை பராமரிப்பு, ஒன்பது முதல் இரண்டு.
லைன்மேன் ரெட்டப்பாவின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டேன்.
மேற்கே மலை கறுத்தால் எனக்கு மனம் குளிர்ந்தது.
டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த ஒரு புதன்கிழமை
பத்தொன்பது பேர், முப்பத்தெட்டுக் காது.
மீட்டரில் முப்பத்தாறு.
"அற்புதம்" என்று எழுதினார் ஹெலேன்,
இரண்டு ஆச்சரியக்குறி போட்டு.

அன்றைக்குத்தான் தேசப்பனுக்கும் பார்த்தேன்.
நாலாயிரம் ஹெர்ட்ஸ். ஐம்பதில் வைத்தேன், அறுபதில்.
முழங்காலில் விரல் அப்படியே கிடந்தது.
எழுபதில் எனக்கே கேட்டது,
ஹெட்போனுக்கு வெளியே, கொசு மாதிரி.
"ஆரம்பிச்சாச்சா?" என்றார்.

தார் சுற்றும் மொகிலம்மா
கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் தரவில்லை.
"கரண்ட் போனதும் நீ சிரிச்ச. பாத்தேன்."
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
உதடு படிப்பவளிடம் எதைச் சொல்ல?
"மீட்டருக்கு ஆறு ரூபா. தறி நின்னா அதுவும் இல்ல"
என்றாள், கோபமாகக்கூட இல்லை,
விலாசம் சொல்வதுபோல.

அறிக்கையில் ஹெலேன் ஒரு வரி சேர்த்திருந்தார்:
மின்தடையைப் பயன்படுத்திய, செலவில்லாத அமைதி.
செலவில்லாத என்பதை அடித்தேன்.
நாற்பத்தொரு மணி நேரம்,
தறிக்கு மணிக்கு நான்கு மீட்டர்,
தறி ஒன்றுக்குத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு ரூபாய்
என்று ஓர் அட்டவணை போட்டேன்.
(என் ஒருநாள் படி அதைவிட அதிகம்.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை.)
பின்னிணைப்புக்கு மாற்றலாமே என்று பதில் வந்தது.
பண்பான பதில்தான்.

கடைசிச் செவ்வாய், மறுசோதனை.
தேசப்பன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்,
ஹெட்போன் அழுத்திய நரைமுடி இரண்டு பக்கமும் பிதுங்க.
ஒன்றேமுக்கால். இன்னும் கால் மணி இருக்கிறது.
ஒலியைத் தேர்ந்தெடுத்து
நான் இன்னும் அழுத்தவில்லை.

கரண்ட் வந்துவிட்டது.
முதலில் ஒரு தறி, பிறகு தெரு முழுக்க.
பெஞ்சு அதிர்ந்தது, தண்ணீர்ச் சொம்பு அதிர்ந்தது,
தரை வழியாக அவர் பாதத்துக்குள் ஏறியது அது.

தேசப்பன் விரலை உயர்த்தினார்.
கண் திறக்காமல்,
சின்னப் பையனைப்போல, நிச்சயமாக.

தவறான பதில்
என்று குறித்துக்கொண்டது செயலி.