சுக்கான் என்று எழுதியிருக்கிறது

திவாத் துறைமுக ஓட்டலில், வரவேற்பு மேசைக்கு எதிரே
கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் இரும்புச் சக்கரம்.
அடியில் பித்தளைத் தகடு, மூன்று மொழிகளில்:
புரா என்னும் டார்பிடோப் படகின் சுக்கான், 1913.
தினமும் காலை ஆறரைக்கு
அந்தக் கண்ணாடியைத் துடைப்பவள் நான்.

சுக்கான் இல்லை அது.
மேற்குக் கழிப்பறையின் சாக்கடை வால்வு.
இங்கே கடற்படைத் தளம் இருந்த காலத்தில்
பெயின்ட் கொட்டகையில் பத்தொன்பது வருஷம் வேலை எனக்கு.
மே தினத்துக்கு அட்மிரல் வருகிறார் என்றால்
கல்லுக்கெல்லாம் வெள்ளை, வால்வுக்குச் சிவப்பு.
ஐந்து ஆரங்களில் ஒன்று கோணல்.
அடைப்பெடுக்க வந்த வாசோ
கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே
சம்மட்டியால் போட்ட போடு அது.
சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன்.
அக்டோபரில் எங்களுக்குக் கல்யாணம்.

குண்டு பட்ட காயம் என்கிறது தகடு.

குறை சொல்லவில்லை.
நீர்மூழ்கிகள் நின்ற இடத்தில் இப்போது
ஹெலிகாப்டரைத் தலையில் சுமக்கும் வெள்ளைப் படகுகள்.
வெடிமருந்துக் கிடங்கில் வாசனைத் திரவியம் விற்கிறார்கள்.
சம்பளம் ஒன்றாம் தேதி வருகிறது.
தளம் மூடுவதற்கு முந்தைய வருஷங்களில்
சம்பளத்துக்குப் பதில்
சமையலெண்ணெயும் மாவும் தந்தார்கள்,
மாவில் வண்டு.

மிலானிலிருந்து வந்த அலங்காரக்காரி ஃபியம்மெத்தா
தூர்வாரிய சேற்றில் சக்கரத்தைக் கண்டதும்
கட்டிப்பிடித்து அழுதாள் என்றான்
கிரேன் ஓட்டும் திரிபோ.
எந்த இடத்துச் சேறென்று நீ சொல்லவில்லையா?
அழுகிறவளிடம் எப்படிச் சொல்ல, என்றான்.

புரா என்றொரு கப்பல் இருந்தது நிஜம்.
வியன்னாவின் பேரரசர் கொடியில் மிதந்து
பெல்கிராட் அரசரின் கொடியில் துருவேறி
நாற்பத்தொன்று ஏப்ரலில்
மூன்றாம் கொடியோடு இத்தாலியர்கள் வந்து பார்த்தால்
ஒருக்களித்துப் படுத்திருந்தது துறையிலேயே.
எழுப்ப யாருக்கும் மனமில்லை.
போர் முடிந்த குளிர்காலத்தில்
கழுதைகளோடு இறங்கினார்கள் மலையூர்க்காரர்கள்.
இரவெல்லாம் அறுவை ஓசை.
விடிந்தால் கப்பல் இன்னும் கொஞ்சம் குட்டை.

விர்மாட்ஸ் சரிவில் ஏறிப் பாருங்கள்:
கைப்பிடிக் கம்பிகளில் திராட்சை படர்கிறது.
புகைபோக்கியில் பன்றித் தொடை தொங்கிப் பதமாகிறது,
புகைக்கு அது பழகிய வேலை.
மணியைப் பாதிரியார் வாங்கிக்கொண்டார்,
எங்கிருந்து என்று கேட்கவில்லை.
என் மாமனார் கிர்ஸ்தோ முதுகில் சுமந்து வந்தது
எட்டுத் தாழ் உள்ள நீர்புகாக் கதவு.
எங்கள் ஆட்டுக்கொட்டிலில் இருக்கிறது.
கப்பல் மூழ்கிவிட்டது;
ஆடுகள் ஒரு நாளும் நனைந்ததில்லை.

சுக்கானா?
அது மரம்.
முதல் ராத்திரியே யாரோ
சோளக்கூழ் காய்ச்ச எரித்துவிட்டார்கள்.

நேற்று ஃபியம்மெத்தா என் தோளில் கை வைத்தாள்.
தாரிங்கா, உங்கள் மலையில்
அந்தக் கப்பலின் பொருள் வேறேதும் கிடைக்குமா?
நிஜமானதாக இருக்க வேண்டும், என்றாள்.
ஒரு கதவு கிடைத்தால்
நாலாயிரம் யூரோ.

யூகோ காற்று தெற்கிலிருந்து மழையைத் தள்ளிக்கொண்டு வந்தது.
வாசோ தாழ்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தான்,
ஐந்து, ஆறு.
சொன்னேன்.
ஏழாவதில் கை நின்றது.
உள்ளே ஏதோ ஒரு குட்டி கதவை முட்டியது.

நிஜமானதா, என்று கேட்டான்.
எட்டையும் போட்டுவிட்டு
மழையிலேயே நின்று யோசித்தான்.
அப்புறம்,
மேற்குக் கழிப்பறைக்குக் கதவும் இருந்ததே, என்றான்,
திரிபோ வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் கிடக்கிறது.

துரு நிறத்தில் அரை டப்பா பெயின்ட் மிச்சமிருந்தது எங்கேயோ.
டார்ச்சை எடுத்துக்கொண்டு
தேடப் போனேன்.