ஆடித் தள்ளுபடி

முதல் சிவப்பு இடது முழங்கையில்.
எம்.சி. ரோட்டுக் கடையில் எனக்கு அது மூன்றாவது ஆடி.
கவுன்டரில் ஊன்றி ஊன்றி வந்ததென்று நினைத்தேன்.
தேங்காய் எண்ணெய், வேப்பிலை,
மெடிக்கல்காரர் பேர் சொல்லாமல் தந்த டியூப்.
பூசினால் ஒளிந்தது
விட்டால் இரண்டாய் வந்தது.

கறுப்பில் காட்டச் சொன்னாள் ஒரு அம்மாள்.
விரித்தேன்.
முந்தானைமேல் வெள்ளையாய் ஏதோ உதிர்ந்தது.
சுண்ணாம்போ என்று கூரையைப் பார்த்தாள்
பிறகு என் கையை.
"வேற பொண்ணு இல்லியா?"
சேட்டு திட்டவே இல்லை.
மறுநாள் முதல் எனக்கு டிரையல் ரூம் சாவி
ஸ்டூல் ஒன்று.
மூன்று உருப்படிக்கு மேல் உள்ளே விடக்கூடாது.
கதவின் கீழ் இடுக்கில் கணுக்கால்கள் வரும், போகும்.
எத்தனை வழுவழுப்பு.

ஸ்டான்லியில் தோல் பிரிவுக்கு ஏழரைக்கே வரிசை.
பக்கத்தில் காசிமேட்டில் மீன் வெட்டும் தேசம்மா
உள்ளங்கை பாளமாய் வெடித்திருந்தது.
"பதினோரு வருசமா இந்தக் கையாலதான் வெட்டிக் குடுக்கறேன்
வாங்கித் துன்னவன் ஒருத்தனுக்கும் வரல.
ஆனா ஒட்டிக்கும்னு சொல்றவன் கைல
கணக்குக்கு இன்னா மருந்து கீது சொல்லு?"

டாக்டர் கையுறை போடாமல் தொட்டாள்.
அதைக் கவனித்துக்கொண்டே இருந்ததில்
சொன்னதில் பாதி காதில் விழவில்லை.
அடியில் பிறக்கும் தோல் மேலே வர ஒரு மாதம் ஆகுமாம்
எனக்கு நாலைந்து நாளில் வந்துவிடுகிறதாம்
உடம்பின் காவலே உடம்பைத் தட்டி விரட்டுகிறதாம்.
"ஆடி சேல் மாதிரியா மேடம்?
பிரிச்சத மடிக்கறதுக்குள்ள அடுத்தத பிரிச்சிடுவாங்க
மடிக்க ஆளிருக்காது, மலையா குவியும்."
பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள்.
"எப்ப போகும்?"
"அடங்கும்," என்றாள்.
போகும் என்று சொல்லாததால் அவளைப் பிடித்துப்போனது.

இரவில் தலைக்குத் தார்.
ஹார்பர் கரி என் ஸ்கூல் சட்டையில் படிந்த நாளில்
அம்மா அதைத் திட்டித் திட்டித் துவைத்தாள்.
அந்தக் கரியிலிருந்து எடுத்ததைத்தான்
காசு கொடுத்துத் தேய்த்துக்கொள்கிறேன்.
தலையணை உறையில் புது ரோட்டு வாசனை.

புதன்கிழமை மட்டும் மாத்திரை.
வாரம் ஒரு நாள்தான், தினம் போட்டால் உயிருக்கே ஆபத்து.
சர்ச் காலண்டரில் புதன்களுக்கு வட்டம்
ஈரலுக்காக மாதா மாதம் ரத்தம்.
"கல்யாணம்னா முன்னாடியே சொல்லும்மா
மாத்திரைய நிறுத்தணும்."
சொல்கிறேன்.
மாப்பிள்ளையிடம் எதை முதலில் சொல்வது
என்றுதான் தெரியவில்லை.

வாரம் மூன்று நாள் பெட்டி.
சுற்றிலும் ஆளுயரக் குழல் விளக்குகள்.
சிஸ்டர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக் கதவைச் சாத்துவாள்.
"ரெடியா ஜெசிந்தா?"
வெளியே ஸ்டூலிலிருந்து நான் கேட்கும் அதே குரல்.
இங்கே போட்டுப் பார்க்க ஒரு துணியும் இல்லை.
நீல வெளிச்சம், ஃபேன் இரைச்சல்
முப்பது நொடி
என் முழுத் தோலும் யாருக்கும் பயப்படாமல் நிற்கும்.

கார்த்திகைக்குள் செதில் நின்றது.
போஸ்டர் கிழித்த சுவர்போல் வெளிறிய வட்டங்கள் மிச்சம்.
தையில் தொண்டை வலி வந்தது
கூடவே முழங்கையில் அரிசியளவு சிவப்பு.
அழுதேன். பஸ் வந்தது. ஏறினேன்.

மே மாதம்
ஒரு காலேஜ் பொண்ணு டிரையல் ரூமிலிருந்து வரவே இல்லை.
கதவைக் கொஞ்சம் திறந்து கேட்டாள்:
"அக்கா, இதுலயே முழுக்கை இருக்கா?"
வெளியே தார் உருகும் வெயில்.
தேடி எடுத்தேன்.
என் சட்டைக் கையை மேலே மடித்துக்கொண்டு
நீட்டினேன்.
பார்த்தாள்.
அவளும் ஒன்றும் கேட்கவில்லை, நானும்.
கதவு சாத்திக்கொண்டது.

நாளைக்குப் பெட்டி.
ஐந்து நொடி கூட்டுவார்களாம்.