அரைப் பேர்

எங்கள் தோட்டத்தில்
ஒருநாள் சம்பளத்துக்குப் பேர் என்று பெயர்.
பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேர்.
குறைந்தால் அரைப் பேர்.

பத்து மணிக்கு
ஏழாம் நம்பர் மலையிலிருந்து இறங்கி
பிள்ளைக் காம்பராவில்
மகனுக்குப் பால் கொடுத்துவிட்டு
மறுபடி ஏறுவதற்குள்
என் நிரையில் ஆறு கிலோ
பறிபடாமல் நிற்கும்.

அந்தியில் தராசடியில்
கணக்கப்பிள்ளை தலை நிமிராமல் சொல்வார்:
"நவரஞ்சனி, அரைப் பேர்."
எந்தப் பாதி, ஐயா?
நவவா, ரஞ்சனியா?
கேட்டதில்லை.
சட்டை நனைந்திருந்தது.
மழை என்று நினைத்துக்கொண்டார்கள்.

நோர்வூட் நூலகத்தில் ஒரு நாவல் எடுத்தேன்,
சென்னையில் அச்சானது, தலையணைத் தடிப்பு.
லயம் அடங்கியபின்
ஒரு கையால் மகனைத் தட்டிக்கொண்டே
போன் வெளிச்சத்தில் படித்தேன்.
மூன்றாம் பக்கத்தில் அம்மா சோறு போடுகிறாள்.
இருநூற்றுப் பத்தில் தன் பங்குச் சோற்றையும் போடுகிறாள்.
முந்நூற்றுப் பன்னிரண்டில் சாகிறாள்.
மகன் அழுவது மட்டும் ஒன்பது பக்கம்.
அவன் நாய்க்குப் பேர் இருக்கிறது.
அவன் ஏறிய ரயிலுக்கும் இருக்கிறது.
அவளுக்கு அரைப் பேர்கூடப் போடவில்லை.

எழுதியவர் கெட்டவர் இல்லை போல.
தெய்வம், தெய்வம் என்று
பதினான்கு இடத்தில் சொல்கிறார்.
தெய்வத்துக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வருமா?
எங்கள் மாரியம்மனே
வருசத்துக்கு ஒருமுறை தேரேறி
வெளியே போய் வருகிறாள்.

பென்சில் எடுத்தேன்.
பக்க ஓரத்தில் எழுதினேன்:
இவள் பேர் செம்பவளம்.
உளுந்து வடை பிடிக்கும், நல்ல உறைப்பாக.
ஒருநாள் பிள்ளையை அடுத்த காம்பராவில் விட்டுவிட்டு
அட்டன் பஸ்ஸில் கடைசி வரைக்கும் போய்
ஒன்றும் வாங்காமல் திரும்பினாள்.
போக வர
பிள்ளை ஞாபகம் அவளுக்கு வரவேயில்லை.

கடைசி வரியை அழிக்கப் பார்த்தேன்.
அது நான்.
மகன் மேல் உயிர்தான் எனக்கு.
அந்த பஸ்ஸின் ஜன்னலோரமும் உயிர்தான்.
அழிக்கவில்லை.

நூலகத்து மிஸ் புரட்டிப் பார்த்தார்.
"யார் இப்படிக் கிறுக்கினது?"
"முன்னே எடுத்தவங்களா இருக்கும், மிஸ்."
பிந்திக் கொடுத்ததற்கு இருபது ரூபாய்.
பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்.
கட்டம் சின்னது.
ஏழு எழுத்தும் போட்டேன்,
முதல் எழுத்துக்கு அம்மாவின் பேரை வைத்து.
பக்கத்துக் கட்டத்துக்குள்
கொஞ்சம் போய்விட்டது.