நிகர எடை

சிலிம் ரிவர் கடைவரிசையில்
டயர் கடைக்கு மேல்மாடி.
பதினேழு படி. பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு
நிற்க வேண்டியிருந்தது.
ஆனாலும் எண்ணினேன். எண்ணுவதுதான் என் வேலை.

செம்பனை ஆலையின் எடைமேடையில் ஒன்பது வருஷம்.
குலை ஏற்றிவரும் லோரிக்கு மொத்த எடை,
கொட்டிவிட்டுத் திரும்புகையில் வெற்று எடை,
கழித்து எழுதினால் நிகரம்.
மாதத்தில் இரண்டு நாள் மட்டும்
நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தபடி கழிப்பேன்.
கணக்கு பிசகியதில்லை.

கல்யாணம் ஆனா சரியாப் போயிடும் என்றார்கள்.
ஆனது.
ஒரு பிள்ளை பெத்தா சரியாப் போயிடும் என்றார்கள்.
தர்ஷாயினிக்கு இப்போது ஆறு வயது.
கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள்,
வயிற்றை எரித்து இடுப்பை விட்டுவைக்கும் மாத்திரை.
வீட்டுக்காரர் நல்லவர்;
சுடுதண்ணீர்ப் போத்தலைத் துண்டில் சுற்றிக்
கதவருகே வைத்துவிட்டு
டிவி சத்தத்தைக் குறைப்பார்.
அதற்குமேல் அவருக்கும் தெரியாது.

தாம் யோக் லிங்குக்கு என் வயதுதான் இருக்கும்.
நாக்கை நீட்டச் சொன்னாள்.
மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து
பக்கத்து அறையில் யாரோ பேசுவதை
ஒட்டுக்கேட்பவள்போல் இருந்தாள்.
"ஐஸ் மைலோ குடிப்பியா?"
தினமும்.
"கருப்பையில் குளிர்," என்றாள் மலாயில்,
அந்தக் கிளாசை நேரில் பார்த்துவிட்டவள்போல.

வலி எப்படி என்று கேட்டாள்.
'சாக்கிட்' என்றேன்.
"அது தெரியும். எப்படி?"
எத்தனை நாள் என்று கேட்டிருக்கிறார்கள்.
எவ்வளவு போகுது என்று கேட்டிருக்கிறார்கள்.
எப்படி என்பதற்கு
என்னிடம் மலாயும் இல்லை, தமிழும் இல்லை.
இரண்டு கையாலும் காட்டினேன்:
லோரி. முழுக் குலை. மேடையில் ஏறி
எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது.
டிரைவர் இறங்கித்
தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான்.
குறித்துக்கொண்டாள்,
சீனத்தில், இரண்டே எழுத்து.

உள்கணுக்காலுக்கு மேலே நாலு விரல் அளந்து
முதல் ஊசி;
அங்கே மட்டும் ஈரக்கையில் கரண்ட் பட்டதுபோல் இழுத்தது.
பிறகு முழங்காலடி, தொப்புளுக்குக் கீழே, கைகள்.
பன்னிரண்டு.
மூலிகைச் சுருள் ஒன்றைக் கொளுத்தி
அடிவயிற்றருகே பிடித்தாள்.
ஈரச் சருகு புகையும் வாசனையோடு
கீழிருந்து ரப்பர் வாசனை.
டயர் கடையின் காற்றுத் துப்பாக்கி
நட்டு நட்டாய்க் கழற்றிக்கொண்டிருந்தது.
தூங்கிவிட்டேன்.

எடுக்கும்போதும் எண்ணினேன்.
பதினொன்று.
"இன்னும் ஒன்று," என்றேன்.
தட்டைப் பார்த்தாள், விரிப்பை உதறினாள்,
மண்டியிட்டுக் கட்டிலடியில் தேடினாள்.
நான் எழுந்து உட்கார்ந்து முடியை ஒதுக்கினேன்.
ஒதுக்கிய கையில் இருந்தது,
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே,
ஆடிக்கொண்டு.
என் உடம்பில் ஒன்று
வலிக்காமல் இருந்திருக்கிறது இத்தனை நேரம்.
இருவரும் சிரித்தோம்.
சிரித்தால் இழுக்கும் இடத்தில்
இழுக்கத்தான் செய்தது.

அறுபது வெள்ளி.
அவள் கொடுத்த சீட்டை ஆலையில் எம்.சி.யாக ஏற்கவில்லை,
அரைநாள் சம்பளம் போனது.
அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் போனேன்.
தீர்ந்துவிட்டதா என்று கேட்கிறார் வீட்டுக்காரர்.

இன்று இரண்டாம் நாள்.
லோரி வந்து ஏறுகிறது, பாதிக் குலையோடு.
டிரைவர் இறங்கவில்லை.
ஜன்னல் வழியே கை நீட்டிச் சீட்டைக் கொடுக்கிறேன்.
கேண்டீன் பையன் மைலோ வைத்துவிட்டுப் போகிறான்.
ஐஸ் வேண்டாம் என்று சொல்ல
இன்றும் மறந்துவிட்டேன்.